கூரைக்கு மேலே சூரியன், கூரைக்குக் கீழே மின்விசிறி

2025ஆம் ஆண்டின் நடுவில் இந்திய மின்துறை ஒரு முக்கியமான கட்டத்தை எட்டியது. நாட்டில் நிறுவப்பட்டுள்ள மின்னுற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் எரிக்காத நிலையங்களுடையதாகிவிட்டது. 2030க்குள் அடைவோம் என்று உலக நாடுகளுக்கு முன் ஏற்றுக்கொண்ட இலக்கு, ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே கைகூடியிருக்கிறது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. இந்த இரண்டு கணக்குகளும் சரியானவை. நிறுவிய திறன் என்பது ஓர் இயந்திரம் முழு வேகத்தில் இயங்கினால் எவ்வளவு தரும் என்பதன் அளவு. அது ஆண்டு முழுவதும் உண்மையில் எவ்வளவு தந்தது என்பது வேறு அளவு. ஒரு மெகாவாட் சூரியத் தகடுகள் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் இயங்கினால் தரக்கூடியதில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே தருகின்றன. காற்றாலை நல்ல இடத்தில் இருந்தால் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ தரும். மீதி நேரத்தில், அதாவது இரவிலும் காற்று ஓய்ந்த மாதங்களிலும், கொதிகலன்களே நம்மைத் தாங்குகின்றன. ஆகவே இன்னும் எத்தனை தகடுகளைப் பதிக்கலாம் என்று கேட்பதோடு நின்றால் போதாது. சூரியன் இல்லாத நேரத்தில் நமக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது, அந்தத் தேவையை வசதி குறையாமல் எவ்வளவு சுருக்கலாம் என்றும் கேட்க வேண்டும். தூய மின்சாரத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்வியே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இதை எடுத்துப் பேசத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர்போல் தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிற்கிறது. அந்தச் சுவரில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் கணவாய்கள் இருக்கின்றன. மலையால் தடுக்கப்பட்ட காற்று இந்த வாயில்கள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. நெருக்கத்தில் அதன் வேகம் கூடுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்காகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்னதன் பின்னால் இந்த இயற்பியல்தான் இருக்கிறது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று அமைந்தது. பின்னர் முப்பந்தல், ராதாபுரம், உடுமலை, பல்லடம், தேனி எனக் கணவாய்களின் வாசலெங்கும் காற்றாலைகள் முளைத்தன. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய நிலையங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது.

இவ்வளவும் இருந்தும் வட சென்னை, மேட்டூர், தூத்துக்குடி, நெய்வேலி ஆகிய இடங்களின் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் ஓயவில்லை. அதற்குக் காரணம் கால அட்டவணை. காற்று வைகாசியில் எழுந்து புரட்டாசி, ஐப்பசியில் அடங்குகிறது. ஆண்டின் காற்று மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த ஐந்தாறு மாதங்களிலேயே கிடைத்துவிடுகிறது. சூரியத் தகடுகள் நண்பகலில் உச்சத்தைத் தொட்டு, மாலை ஐந்து மணிக்குமேல் சரிந்து, ஆறரைக்கெல்லாம் ஓய்ந்துவிடுகின்றன. அந்த வேளையில்தான் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன, கடைவீதி ஒளிர்கிறது, வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் மின்விசிறியையும் ஏசியையும் போடுகிறார்கள். மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை மின்வாரியத்துக்குத் திண்டாட்டமான நேரம். நண்பகலில் மின்சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மின்சாரம், இந்த நேரத்தில் ஒழுங்குமுறை ஆணையம் விதித்த உச்சவரம்பான யூனிட்டுக்கு 10 ரூபாயைத் தொடும் நாள்கள் உண்டு. கம்பியில் வரும் மின்சாரம் ஒன்றுபோலவே தெரிந்தாலும், நண்பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் விலையிலும் கிடைக்கும் வழியிலும் ஒன்றல்ல.

பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்கலாமே என்பது இயல்பான பதில். வழி இருக்கிறது, நம் மாநிலத்திலேயே 1987 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனைமலையில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம், மின்சாரம் மிகுதியாக உள்ளபோது கீழே உள்ள மேல் ஆழியாறு அணையிலிருந்து நீரை மேலேற்றிக்கொள்கிறது. தேவை கூடும்போது அந்த நீரை இறக்கிச் சுழலிகளைச் சுற்றவைக்கிறது. அதன் திறன் 400 மெகாவாட். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம் பல ஆண்டுகளாகக் கட்டப்பட்டுவருகிறது. இவற்றோடு லித்தியம் மின்கலன்களும் விலை குறைந்துவருகின்றன. இவை அனைத்தும் வேண்டும். ஆனால் சேமிப்புக்கு ஒரு கட்டணம் உண்டு. நீரேற்று நிலையத்துக்குள் போகும் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத் திரும்பி வராது. மின்கலனில் பத்தில் ஒன்றிலிருந்து ஏழில் ஒரு பங்குவரை இழப்பாகும். அதற்குமேல் மின்பாதையில் ஏற்படும் இழப்பு இருக்கிறது. நீரேற்று நிலையத்துக்கு ஏற்ப மலையும் அணையும் கூடிவரும் இடங்களும் எண்ணிக்கையில் சிலவே. எனவே இரவில் ஒரு யூனிட் தர வேண்டுமானால் பகலில் ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை யூனிட் வரை உற்பத்தி செய்தாக வேண்டும். இதையே திருப்பிப் பார்த்தால், இரவில் ஒரு யூனிட் தேவை குறைந்தால் அந்த ஒன்றரை யூனிட்டுக்கான தகடும், அதற்கான மின்கலனும், அதைச் சுமக்கும் கம்பியும் மிச்சம்.

தேவையைக் குறைப்பது என்றால் இருட்டில் உட்காருவதோ புழுக்கத்தில் வேர்த்துக்கிடப்பதோ அல்ல. மக்களுக்கு வேண்டியது வெளிச்சமும் காற்றும் குளிர்ச்சியும். மின்சாரம் அவற்றுக்கான வழி மட்டுமே. அதே வெளிச்சத்தைக் குறைந்த மின்சாரத்தில் தருவதே ஆற்றல் திறன். அது எத்தனை பெரிய வாய்ப்பு என்பதற்கு நாம் கைவிட்ட குண்டு பல்பு சான்று. அனல் மின்நிலையத்தில் 100 பங்கு வெப்பம் எரிந்தால் 35 பங்கை ஒட்டியே மின்சாரமாகிறது. எஞ்சியது குளிர்விக்கும் நீரோடும் புகையோடும் போய்விடுகிறது. வழியில் இழந்ததுபோக வீட்டுக்கு வருவது 30 பங்கு. அதில் குண்டு பல்பு வெளிச்சமாக மாற்றுவது நூற்றுக்கு ஐந்து, மற்றதெல்லாம் சூடு. ஆக, சுரங்கத்திலிருந்து தோண்டி, ரயிலில் ஏற்றி, எரித்துச் சாம்பலாக்கிய நிலக்கரியில் நம் கண்ணுக்கு வெளிச்சமாக வந்து சேர்ந்தது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் மிச்சப்படுத்தினால் அதன் பலன் முதல் கண்ணிவரை பெருகிச் செல்லும் என்பதே இந்தக் கணக்கு சொல்லும் பாடம்.

இந்தப் பாடத்தை இந்தியா ஒருமுறை செயலில் காட்டியிருக்கிறது. நீல நிற எல்இடியைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகியோருக்கு 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீலம் கிடைத்ததால்தான் வெள்ளை வெளிச்சம் தரும் எல்இடி சாத்தியமானது. அந்த ஆண்டு இந்தியாவில் மொத்தக் கொள்முதலில்கூட ஒரு எல்இடி பல்பின் விலை 300 ரூபாயைத் தாண்டியிருந்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமொன்று கோடிக்கணக்கில் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. தேவை உறுதியானதால் உற்பத்தியாளர்கள் போட்டி போட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் கொள்முதல் விலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இத்திட்டத்தில் விநியோகிக்கப்பட்ட பல்புகள் 36 கோடிக்கு மேல். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இப்போது 9 வாட் தருகிறது. யாரும் இருட்டில் உட்காரவில்லை. மாலை வேளையில் வீடுகளின் விளக்குச் சுமை மட்டும் பெருமளவு குறைந்துவிட்டது.

விளக்குக்கு அடுத்து நம் வீடுகளில் இரவெல்லாம் ஓடுவது மின்விசிறி. பழைய மின்விசிறியில் இருப்பது தூண்டல் மோட்டார். நிலையாக இருக்கும் சுருளில் பாயும் மின்னோட்டம், சுழலும் பகுதியிலும் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டி அதன் மூலம் காந்தப்புலத்தை உண்டாக்க வேண்டும். அந்த வேலையில் ஆற்றலின் பெரும்பகுதி செம்பிலும் இரும்பிலும் சூடாகிப் போகிறது. பல மணி நேரம் ஓடிய மின்விசிறியின் நடுக்குமிழைத் தொட்டால் அந்தச் சூடு கையில் தெரியும். நம்மைக் குளிர்விக்க வாங்கிய மின்சாரம்தான் அது. முழு வேகத்தில் இந்த மின்விசிறி 70 முதல் 80 வாட் வரை எடுக்கிறது. கடைகளில் பிஎல்டிசி என்று கேட்டு வாங்கும் மின்விசிறியில், சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. காந்தப்புலத்தை உண்டாக்க அங்கே தனியாக மின்சாரம் செலவழிக்க வேண்டியதில்லை. சுருள்களில் எப்போது, எந்தத் திசையில் மின்னோட்டம் பாய வேண்டும் என்பதை ஒரு சிறிய மின்னணுச் சுற்று தீர்மானிக்கிறது. அதே காற்றுக்கு இது எடுப்பது 28 முதல் 35 வாட். வேகத்தைக் குறைத்து வைத்தால் மின்செலவு இன்னும் வேகமாகச் சரிகிறது. இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில் மின்வெட்டின்போது பேட்டரி இரு மடங்கு நேரம் தாங்குவதும் இதனால்தான்.

ஒரு மின்விசிறியில் 40 வாட் மிச்சம் என்பது சிறு தொகையாகத் தெரியலாம். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகள் இரண்டு கோடிக்கும் மேல். கோடை இரவில் வீட்டுக்கு இரண்டு மின்விசிறிகள் ஓடுவதாகக் கொள்வோம். நான்கு கோடி மின்விசிறிகளில் தலா 40 வாட் என்றால் 1,600 மெகாவாட். இது காடம்பாறையைப் போல் நான்கு மடங்கு. கட்டி முடிக்கப்படாத குந்தாவைப் போல் மூன்று மடங்குக்கு மேல். எட்டு மணி நேரத்தில் இது ஓர் இரவுக்கு ஒரு கோடியே 28 லட்சம் யூனிட் ஆகிறது. இதே அளவைச் சூரியத் தகடும் மின்கலனும் கொண்டு தர முயன்றால், இழப்புகளையும் சேர்த்து, ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் தரும் என்ற வழக்கமான கணக்கின்படி 4,000 மெகாவாட்டுக்கு மேல் தகடுகள் வேண்டும். அதாவது கமுதியைப் போன்ற ஆறு நிலையங்களும், அவற்றுக்கான நிலமும், மலைபோல் மின்கலன்களும். எல்லா மின்விசிறிகளும் முழு வேகத்தில் ஓடுவதில்லை. சில வீடுகள் ஏற்கெனவே மாறிவிட்டன. மார்கழியில் பல மின்விசிறிகள் ஓய்வெடுக்கும். இந்தக் காரணங்களுக்காகக் கணக்கைப் பாதியாகக் குறைத்தாலும் மிஞ்சுவது 800 மெகாவாட். 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடையின் இரவுகளில் 800 மெகாவாட் என்பது ஒரு பெரிய அனல் மின் அலகுக்குச் சமம்.

இந்த வாதத்துக்கு எழும் எதிர்வாதங்களில் மிகப் பழையதும் வலுவானதும் 1865இல் வந்தது. ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ், ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் அதிக வேலை செய்ததால் பிரிட்டனின் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்று எடுத்துக்காட்டினார். ஒன்று மலிவானால் மக்கள் அதை அதிகம் பயன்படுத்துவார்கள் என்பது அவர் தர்க்கம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. தேவை நிறைவடையாத இடத்தில் ஜெவோன்ஸ் சொன்னது நடக்கும். தேவை நிறைந்த இடத்தில் நடக்காது. மின்விசிறி மலிவாக ஓடுகிறது என்பதற்காக ஒருவர் ஒரே அறையில் மூன்றைப் போட்டுக்கொள்ள மாட்டார். இதற்கு நீண்டகாலச் சான்று அமெரிக்கக் குளிர்சாதனப் பெட்டி. 1970களின் நடுவில் அங்கே ஒரு புதிய பெட்டி ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் எடுத்தது. கலிபோர்னியா மாநிலம் முதலில் தர வரம்பு விதித்தது. பின்னர் நாடு முழுவதும் வரம்பு வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய பெட்டியின் செலவு 500 யூனிட்டை ஒட்டி இறங்கிவிட்டது. பெட்டியின் கொள்ளளவு அதற்குள் பெரிதாகியிருந்தது; விலையோ கூடவில்லை. மிச்சமான மின்சாரத்தைச் செலவழிக்க யாரும் வீட்டுக்கு நான்கு பெட்டிகள் வாங்கிக்கொள்ளவில்லை.

ஜெவோன்ஸின் எச்சரிக்கை நம் ஊரில் முழுதும் பொருந்தும் இடம் கிணற்று மேடு. பழைய பம்புசெட்டுகள் பலவும் தாம் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை நீராக மாற்றாமல் வீணாக்குகின்றன. தேய்ந்த இம்பெல்லர், பலமுறை காயில் கட்டிய மோட்டார், ஆழத்துக்குப் பொருந்தாத குதிரைத்திறன் என்று காரணங்கள் பல. மோட்டாரை மாற்றினால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் மின்சாரம் இலவசமாகவும் நிலத்தடி நீருக்கு வரம்பே இல்லாமலும் இருக்கும்போது, திறன்மிக்க மோட்டார் அதே நேரத்தில் கூடுதல் நீரை இறைத்துவிடும்; நீர்மட்டம் இறங்கும்; இன்னும் ஆழத்திலிருந்து இழுக்க மறுபடியும் மின்சாரம் கூடும். ஆகவே வேளாண்மையில் மோட்டார் மாற்றத்தைச் சொட்டுநீர்ப் பாசனத்தோடும் ஏரி, குளங்களின் மீட்போடும் சேர்த்தே செய்ய வேண்டும். கூடவே, பம்புசெட்டுகளுக்கு இரவில் தரும் மும்முனை மின்சாரத்தைப் பகலுக்கு மாற்றினால் சூரியன் இருக்கும் நேரத்தோடு தேவை ஒத்துப்போகும். நள்ளிரவில் பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சி வரப்பில் நடக்கும் வேலையும் உழவருக்கு மிச்சம்.

இன்னொரு எதிர்வாதம் நியாயம் பற்றியது. ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டுக்குப் பயன்படுத்தும் மின்சாரம் உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. இவர்களிடம் போய்ச் சேமிக்கச் சொல்வது சரியா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, அதன் விடைதான் நம்மைத் திறனை நோக்கித் தள்ளுகிறது. நம் மின்தேவை இனிமேல்தான் வளரப்போகிறது. கோடைகள் கடுமையாகின்றன, ஏசி இனி வசதியானவர்களின் பொருளாக மட்டும் இருக்காது. இன்று வாங்கும் ஏசி பத்து ஆண்டுகள் ஓடும். இன்று கட்டும் வீடு ஐம்பது ஆண்டுகள் நிற்கும். வெயிலை வாங்கி இரவெல்லாம் உமிழும் கான்கிரீட் கூரையோடு கட்டிவிட்டால், அந்தக் கூரையின் கீழ் வாழ்பவர்கள் தலைமுறைக்கும் அதற்கான மின்கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். மாடியில் வெள்ளைப் பூச்சு, மேற்குச் சுவருக்கு நிழல், எதிரெதிரே சன்னல், ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காத பழக்கம் ஆகியவை வறுமையின் அடையாளங்கள் அல்ல. அதே குளிர்ச்சியைக் குறைந்த செலவில் அதிகம் பேருக்குத் தரும் வழிகள். ஏற்கெனவே வீணாகும் மின்சாரத்தை மீட்டால், இன்னும் போதிய மின்சாரம் பெறாத வீடுகளுக்கு அதைத் தர முடியும்.

அப்படியானால் ஏன் இது தானாக நடக்கவில்லை? செலவு செய்பவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர் என்பதே காரணம். பிஎல்டிசி மின்விசிறி பழைய வகையைவிட ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதல் விலை. நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 40 வாட் மிச்சத்தில் ஆண்டுக்கு 144 யூனிட் குறையும். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் கட்டும் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுகளில் கூடுதல் விலை திரும்பிவிடும். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த வரம்புக்குள் வாழும் ஏழைக் குடும்பத்துக்கு மின்விசிறியை மாற்றுவதால் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் குறையாது. வாடகை வீட்டில் மின்விசிறி உரிமையாளருடையது, கட்டணம் குடியிருப்பவருடையது. மிச்சமாகும் பணம் போய்ச் சேருவது, அந்த இலவச யூனிட்டுக்கு மின்வாரியத்துக்கு மானியம் தரும் அரசிடமும், மாலை நேரத்தில் அதிக விலைக்கு மின்சாரம் வாங்கத் தேவையில்லாத வாரியத்திடமும். பலன் யாருக்கோ, முதலீடும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். மக்களைப் பார்த்து மின்சாரத்தைச் சேமியுங்கள் என்று விளம்பரம் செய்வதோடு அரசின் கடமை முடிந்துவிடாது.

இதற்கான கருவிகள் அரசின் கையில் இருக்கின்றன. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தால் உருவான ஆற்றல் திறன் செயலகம் 2023 முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அது புதிதாக விற்பனைக்கு வருபவற்றுக்கு மட்டுமே. ஏற்கெனவே தொங்குபவை பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடக்கூடியவை. அவற்றை மாற்ற உஜாலாவைப் போன்ற மொத்தக் கொள்முதல் வேண்டும். 2023இல் மத்திய அரசு ஒரு கோடி மின்விசிறிகள் என்ற இலக்கை அறிவித்தது. தமிழ்நாட்டுக்கு மட்டுமே தேவைப்படுவது அதைப் போல் பல மடங்கு. 2011இல் அறிவித்த திட்டத்தின்கீழ் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் குடும்ப அட்டைதாரர்களிடம் சேர்த்த மாநிலம் இது. அந்த நிர்வாகத் திறனை மீண்டும் பயன்படுத்தி, பழைய மின்விசிறியைக் கொடுப்பவருக்குப் புதியதைக் குறைந்த விலையில், தவணையை மின்கட்டணத்தோடு கட்டும்படி தரலாம். 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு இலவசமாகவே தரலாம். அதற்காகும் செலவு, மிச்சமாகும் மானியத்தில் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். பழைய மின்விசிறியைத் திரும்பப் பெறுவது இதில் முக்கியம். இல்லாவிட்டால் அது இன்னொரு அறையில் தொங்கத் தொடங்கிவிடும்.

இந்தியாவில் ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். ஒரு மின்விசிறியை மாற்றுவதால் ஓர் ஆண்டில் எரியாமல் போகும் நிலக்கரி 100 கிலோ. உருவாகாமல் போகும் சாம்பல் முப்பது கிலோவுக்கு மேல். கூரைமேல் சூரியத் தகடு பதிக்க எண்ணுபவர்கள் முதலில் கூரைக்குக் கீழே ஓடுபவற்றைக் கணக்கெடுங்கள். இரண்டு கிலோவாட் தகடு தேவைப்படும் வீட்டுக்கு ஒன்று போதும் என்று ஆகலாம். அரசு, புதிதாக ஒரு மெகாவாட் நிறுவத் திட்டமிடும்போதெல்லாம் ஒரு மெகாவாட் தேவையைக் குறைக்க என்ன செலவாகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிப் பார்க்கட்டும். எது மலிவோ அதை முதலில் செய்யட்டும்.